ஹேண்டலின் ‘தியடோரா’: கிளைன்ட்போர்ன் மேடையாக்கத்தின் டிவிடி

இசையமைப்பாளர் ஹேண்டல் தமது 65ஆம் வயதில், 1750 மார்ச் மாதம் லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில் வழங்கிய ‘தியடோரா’வுக்கு அன்று ரசிகர்கள் திரளவில்லை. வேடமும் நடிப்பும் இன்றிப் பாடப்படுவதற்கென்றே எழுதப்பட்ட அந்த ஆரட்டோரியோவை 1996இல் இங்கிலாந்தின் கிளைன்ட்போர்ன் ஆப்பரா விழாவில் இயக்குநர் பீட்டர் செல்லர்ஸ் நாடகமாக்கினார். அதன் பதிவே இந்த டிவிடி.

கதை, ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் காலத்து அந்தியோக்கியாவில் நிகழ்வது. பேரரசரின் பிறந்தநாளில் ரோமக் கடவுள் ஜூபிடரை வழிபட மறுத்த கிறிஸ்தவப் பெண் தியடோராவைப் படைவீரர்களின் இச்சைக்கு இரையாக்க ஆளுநர் வேலன்ஸ் ஆணையிடுகிறார். அவளோடு உடை மாற்றிக்கொண்டு அவளைத் தப்புவிக்கும் ரோம வீரன் டிடிமஸும் இறுதியில் அவளுடனேயே கொல்லப்படுகிறான். செல்லர்ஸ் இதை இக்கால அமெரிக்காவில் வைத்து, தண்டனையை விஷ ஊசியால் நிறைவேற்றுகிறார். படுக்கைகளில் வாரால் பிணிக்கப்பட்ட நிலையில் இருவரும் கடைசிப் பாடலைச் சேர்ந்து பாடுகிறார்கள். மத ஒடுக்குமுறை என்றதும் வெறிகொண்ட கும்பலையே நினைத்துப் பழகிய நமக்கு, சட்டமும் சீருடையும் அதே கொலையை எத்தனை நிதானமாகச் செய்து முடிக்கும் என்பதை இக்காட்சி உணர்த்துகிறது. ஹேண்டலும் இங்கே ஆவேசத்தை நாடவில்லை. சாவை நோக்கிச் செல்பவர்களுக்கு அவர் தந்திருப்பது கனிந்த, அவசரமற்ற இசை. அதனால்தான் இந்த நவீனச் சூழல் இசையின் மேல் வலிந்து திணிக்கப்பட்டதாகத் தோன்றவில்லை.

தியடோராவாக டான் அப்ஷா நெஞ்சைத் தொடுகிறார். எனினும், அவளுடைய தோழி ஐரீனாக வரும் லொரேன் ஹன்ட்டின் குரலுக்காகவே இப்பதிவை வாங்கலாம். விடியலின் வருகையைப் பாடும் முதல் அங்கப் பாடலில், அச்சத்தில் ஒடுங்கியிருக்கும் சிறு சமூகம் முழுவதையும் அவர் தம் குரலால் தாங்கிக்கொள்கிறார்; மீண்டும் வரும் பகுதியில் குரலைத் தாழ்த்தும்போது நம்பிக்கை குறைவதில்லை, இன்னும் ஆழமாகிறது.

குறைகளும் உண்டு. வேலன்ஸை அமெரிக்க அரசியல்வாதியாகச் சித்திரித்த விதம் கேலிச்சித்திரத்தை நெருங்குகிறது. அதனால் அதிகாரத்தின் மீது எழ வேண்டிய அச்சம் சற்றுத் தணிந்துவிடுகிறது. குழுப் பாடகர்களின் கையசைவுகளும் சில இடங்களில் மிகை. ஆயினும் இரண்டாம் அங்கத்தின் முடிவில் விவிலியத்தில் வரும் நாயீன் ஊர் விதவையின் மகன் இயேசுவால் உயிர்பெறுவதைப் பாடும் குழுப்பாடல், அதைத் தமது புகழ்பெற்ற ‘அல்லேலூயா’ குழுப்பாடலைவிட ஹேண்டல் உயர்வாக மதித்தார் என்று பாடலாசிரியர் தாமஸ் மொரெல் சொன்னதை நம்பவைக்கிறது. இசை நடத்துநர் வில்லியம் கிறிஸ்டி இசைக்குழுவை எங்கும் அவசரப்படுத்தவில்லை. மூன்று மணி நேரத்துக்கும் மேல் நீளும் இப்பதிவை, பாடல் வரிகளை முன்னதாகப் படித்துக்கொண்டு, அங்கம் அங்கமாகப் பார்ப்பது நல்லது.