டிரா ஆட்டங்களைத் துருவ லிச்செஸ் பகுப்பாய்வுப் பலகை போதுமா?

செஸ் இணையதளமான லிச்செஸ் இலவசம், விளம்பரம் கிடையாது, ஸ்டாக்ஃபிஷ் என்ற என்ஜின் (நகர்த்தல்களைக் கணக்கிடும் நிரல்) உலாவியிலேயே ஓடும். இதற்கு மேல் லிச்செஸுக்கு அறிமுகம் வேண்டாம். உச்சத்தில் இருக்கும் இரண்டு கிராண்ட்மாஸ்டர்கள் டிரா செய்த ஆட்டத்தை இதில் போட்டால் என்ன தேறும்?

பிஜிஎன்னை (ஆட்டத்தின் நகர்த்தல்களைப் பதிந்த உரையை) ஒட்டிக் கணினிப் பகுப்பாய்வு கேட்டால் வரும் அறிக்கை பெரும்பாலும் சப்பென்று இருக்கும். இருவருக்கும் துல்லியம் எக்கச்சக்கம், வரைபடம் நடுக்கோட்டை ஒட்டியே போகும். சர்வர் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கொஞ்ச நேரமே ஒதுக்குகிறது. ஆழத்தில் புதைந்த வெற்றி அதற்குச் சிக்காமல் போகலாம்.

2018 லண்டன் உலகச் சாம்பியன்ஷிப்பின் ஆறாவது ஆட்டம் இதற்குச் சரியான சோதனை. கார்ல்சன் வெள்ளை, கருவானா கருப்பு, 80 நகர்த்தலில் டிரா. 68-ஆவது நகர்த்தலில் கருப்பு பிஷப்பை எச்4-க்கு அனுப்பி, பிறகு தன் குதிரையைத் தானே ஜி1-இல் அடைத்துவைத்தால் வெற்றி! நார்வேயின் செஸ்ஸே கணினி அதைக் கண்டுபிடித்தது. எந்த மனிதருக்கும் தோன்றாத வழி. அந்த நிலையில் நிறுத்தி, உங்கள் கருவியிலேயே ஓடும் லோக்கல் என்ஜினை இயக்குங்கள். என்ஜின் காட்டும் நகர்த்தல் வரிசைகளை 3 ஆக்கி, தேடல் நேர வரம்பை எடுத்துவிட்டு, நினைவக அளவையும் கூட்டிச் சில நிமிடம் ஓடவிடுங்கள். கைபேசியில் செய்தால் சூடுதான் மிச்சம்.

0.00 (இருவரும் சமம்) என்ற மதிப்பீட்டை அப்படியே நம்ப வேண்டாம். இரண்டாவது வரிசையைப் பாருங்கள்: அதுவும் 0.00 என்றால் நிம்மதியான டிரா. அது 2 சிப்பாய் அளவுக்குச் சரிந்தால், ஆடியவர் ஒரே ஒரு நகர்த்தலில் தப்பியிருக்கிறார். புரியாத தற்காப்பு நகர்த்தலுக்கு முன்னால் 'எக்ஸ்' விசையைத் தட்டினால் எதிராளியின் மிரட்டல் அம்புக்குறியாகத் தெரியும். இந்த ஒன்றுக்காகவே இதைப் பயன்படுத்தலாம்.

ராஜாக்களையும் சேர்த்து 7 காய்களுக்குள் வந்துவிட்டால் என்ஜினை விட்டுவிட்டு டேபிள்பேஸை (முழுதாகக் கணக்கிட்டு வைத்த இறுதிக்கட்ட நிலைகளின் தொகுப்பை) திறங்கள். அங்கே மதிப்பீடு கிடையாது, தீர்ப்புதான். 50 நகர்த்தல் விதியால் (காய் வெட்டோ சிப்பாய் நகர்வோ இல்லாமல் 50 நகர்த்தல் போனால் டிரா கேட்கலாம்) பறிபோகும் வெற்றியையும் தனியே குறிக்கும்.

பெரிய குறை, வலுவான தரப்பால் உள்ளே நுழைந்து உடைக்க முடியாத கோட்டை நிலைகள். டிராவான நிலைக்கும் என்ஜின் +1.5 (வெள்ளைக்கு ஒன்றரைச் சிப்பாய் சாதகம்) என்று விடாமல் காட்டும். ஸ்பேஸ் விசையைத் தட்டித் தட்டி அதன் சிறந்த நகர்த்தல்களையே ஆடிப் பாருங்கள். 20 நகர்த்தலுக்குப் பிறகும் எண் ஏறாவிட்டால், அது பெரும்பாலும் கோட்டைதான்.