தாத்தாவுக்குக் கிடைத்த கப்பல், பாப்பாவுக்குக் கிடைக்காத குளம்

ஏழு இரவு, மூன்று துறைமுகம், ஐந்து பேர். நான், என் கணவர், 6 வயதுப் பையன், இரண்டு வயது இன்னும் நிறையாத பெண், அப்புறம் 76 வயது அப்பா. அப்பாவுக்கு இடது முழங்காலில் தகராறு, வலது காது மந்தம். இரண்டையும் ஒப்புக்கொள்ளாத பிடிவாதம் தனி.

எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை. கீழே நான் புலம்பும் விஷயங்களில் பாதி எந்தப் பெரிய சொகுசுக் கப்பலில் ஏறினாலும் இருக்கும்.

விளம்பரப் படத்தில் மூன்று தலைமுறையும் ஒரே நீச்சல் குளத்தில் சிரித்துக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டு ஆட்கள் ஐந்து பேரும் ஒன்றாக உட்கார்ந்தது ராத்திரிச் சாப்பாட்டுக்கு மட்டும்தான். மற்ற நேரம் ஆளுக்கொரு பக்கம் போக முடிந்ததுதான் எனக்கு இந்தப் பயணத்தில் பிடித்தது. வேறு எந்தச் சுற்றுலாவிலும் அப்பாவைத் தனியாக விட்டுவிட்டு நான் நிம்மதியாக இருந்ததில்லை. தொலைந்துபோவாரோ, வண்டியை விட்டுவிடுவாரோ என்று மனசு அடித்துக்கொண்டே இருக்கும். இங்கே எவ்வளவு தூரம் போனாலும் கப்பலுக்குள்தானே? பெரியவன் காலை ஒன்பது மணிக்குக் குழந்தைகள் கிளப்புக்குள் போனால் சாப்பாட்டுக்குக் கூப்பிடும்போது அழுவான். அப்பா எங்கே என்று எனக்குப் பல நேரம் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

ஆனால் அந்த நிம்மதி அறை எங்கே அமைகிறது என்பதைப் பொறுத்தது. அங்கேதான் நான் முதல் தப்பைப் பண்ணினேன். முன்பதிவின்போது "இரண்டு அறையும் பக்கத்துப் பக்கத்தில்" என்றார்கள். சரி என்று பணம் கட்டிவிட்டேன். பக்கத்து அறை வேறு, நடுவில் உள்கதவு இருக்கும் அறை வேறு என்பது ஏறின பிறகுதான் உறைத்தது. உள்கதவு இல்லாவிட்டால் ராத்திரி இரண்டு மணிக்குச் சின்னவளைத் தோளில் போட்டுக்கொண்டு, பொதுத் தாழ்வாரத்தில் நின்று, காது கேட்காத அப்பாவின் கதவைத் தட்ட வேண்டும். தட்டினேன். எதிர் அறைக்காரர் எழுந்து வந்தார்.

மறுநாள் அறையைப் பார்த்துக்கொள்ளும் பணியாளரிடம் சொன்னபோது, அவர் ஒரு சாவியைக் கொண்டுவந்து எங்கள் இரண்டு பால்கனிக்கும் நடுவில் இருந்த தடுப்பைத் திறந்துவிட்டார். இப்படித் திறக்கக்கூடிய தடுப்பு பல கப்பல்களில் உண்டாம், கேட்டால்தான் செய்வார்களாம். அதற்கப்புறம் அப்பாவின் அறைக்குப் போகக் கடல் பக்கமாக நாலு எட்டு. பால்கனிக் கதவுக்குக் குழந்தை கைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் இருந்தது, நல்லவேளை. பால்கனியில் இருந்த நாற்காலி இரண்டையும் உள்ளே இழுத்துப் போட்டுவிட்டேன். கம்பித் தடுப்பு உயரம்தான், ஆனால் நாற்காலி ஏறத் தெரிந்த குழந்தைக்கு எந்த உயரமும் உயரம் இல்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. அறைக் கட்டணத்தை இரண்டு பேர் தங்குவதாக வைத்துத்தான் போடுகிறார்கள். ஒருவர் தனியாகத் தங்கினாலும் பெரும்பாலும் இல்லாத இரண்டாம் ஆளுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டியிருக்கும். அதனால் பெரியவனை அப்பாவோடு போட்டோம். பணத்துக்காகச் செய்த ஏற்பாடுதான். ஆனால் கூரையிலிருந்து இறங்கும் மடக்குக் கட்டிலைப் பார்த்ததும் பையன் எங்கள் அறைப் பக்கம் திரும்பவே இல்லை. எங்கள் அறையில் மடக்குத் தொட்டிலை விரித்த பிறகு தரை என்று ஒன்று மிஞ்சவில்லை. தொட்டில் தரும் கப்பல்கள் உண்டு, ஆனால் முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும்.

குளியலறை வாசலில் நிலைப்படி மாதிரி ஒரு மேடு இருக்கும். உள்ளே கொட்டும் தண்ணீர் அறைக்குள் வராமல் இருக்கத்தான். வீல்சேர் பயன்படுத்துபவர்களுக்கு, நடக்கச் சிரமப்படுபவர்களுக்கு என்று மேடு இல்லாத, அகலக் கதவு வைத்த, கைப்பிடிகள் பொருத்திய அறைகள் எல்லாப் பெரிய கப்பலிலும் உண்டு. எண்ணிக்கை குறைவு, சீக்கிரம் போய்விடும். புக் செய்யும்போதே நான் அதைச் சொன்னேன். "நான் என்ன நோயாளியாம்மா?" என்றார் அப்பா. இரண்டாம் நாள் ராத்திரி அந்த மேட்டில் இடித்துக்கொண்டு கால் பெருவிரல் நகம் பெயர்ந்தது. கப்பலின் மருத்துவ அறையில் டாக்டர், நர்ஸ் எல்லாம் இருக்கிறார்கள், கட்டுப் போட்டு நன்றாகவே கவனித்தார்கள். பில் மட்டும் நேராக நம் அறைக் கணக்கில் ஏறிவிடும். வழக்கமான மருத்துவக் காப்பீட்டை அங்கே யாரும் கேட்பதில்லை. நாம் கட்டிவிட்டுப் பிறகு காப்பீட்டாரிடம் கேட்டு வாங்க வேண்டியதுதான். பெரியவர்களோடு போகிறவர்கள் பயணக் காப்பீட்டில் அவசரமாகக் கரைக்குக் கொண்டுபோகும் செலவும் அடங்குமா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். நகத்துக்கு அது தேவையில்லை, நெஞ்சுவலிக்குத் தேவைப்படும்.

ஏறின அன்றைக்கே அவசரகால ஒத்திகை. நம் குழு கூட வேண்டிய இடத்துக்குப் போய் முகம் காட்ட வேண்டும். ஏழு சின்ன ஊதல், ஒரு நீள ஊதல், அதுதான் அபாய அறிவிப்பு. "இது எனக்கே கேட்குதே" என்றார் அப்பா. சிலர் முணுமுணுத்துக்கொண்டு நின்றார்கள். 2012 ஜனவரியில் கோஸ்டா கன்கார்டியா என்ற சொகுசுக் கப்பல் இத்தாலியின் ஜிலியோ தீவருகே பாறையில் மோதிக் கவிழ்ந்து 32 பேர் இறந்தபோது, அன்றைக்கு ஏறிய பயணிகளுக்கு ஒத்திகை நடந்திருக்கவில்லை. ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதுதான் அப்போது விதி. 2015 முதல் கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ நடத்தியாக வேண்டும். குழந்தைகள் இருவருக்கும் கூடும் இடத்தின் எண் எழுதிய கைப்பட்டை கட்டிவிட்டார்கள். குட்டி லைஃப் ஜாக்கெட்டும் அறைக்கு வந்தது. அறையில் இருப்பது பெரியவர்கள் அளவு, அதனால் வராவிட்டால் கேட்டு வாங்கிவிட வேண்டும்.

கடல் மயக்கத்தில் நான் போட்ட கணக்கு தலைகீழானது. அப்பாவுக்கு வருமோ என்று பயந்து மாத்திரை எல்லாம் வாங்கி வைத்திருந்தேன். மூன்றாம் நாள் கடல் கொஞ்சம் ஆடியபோது வாந்தி எடுத்தது பெரியவன்தான். இரண்டு வயதுக்குக் கீழே இந்தத் தொல்லை அரிது, பள்ளிக்கூட வயதில்தான் உச்சம், வயதாக ஆகக் குறையும் என்று மருத்துவ அறையில் விளக்கினார்கள். இதற்குக் காதுக்குப் பின்னால் ஒட்டும் மருந்துப் பட்டை ஒன்று உண்டு. வயதானவர்களுக்கு அது குழப்பத்தை உண்டாக்கலாம், சின்னக் குழந்தைகளுக்கும் ஆகாது. எனவே டாக்டரைக் கேட்காமல் அப்பா காதில் அதை ஒட்டிவிடாதீர்கள். கப்பலின் இரு பக்கமும் நீருக்கடியில் துடுப்பு மாதிரி இறக்கைகள் உண்டு. பக்கவாட்டு ஆட்டத்தை அவை அடக்கும். முன்னும் பின்னும் தூக்கிப்போடுவதை அடக்காது. சீசாப் பலகையின் நடுப்பகுதி அதிகம் ஆடாத மாதிரி, கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில் இருக்கும் அறையில்தான் ஆட்டம் குறைவு. காட்சிக்காக மேல்தளத்தில் மூக்குப் பக்கம் அறை எடுத்த என்னைச் சொல்ல வேண்டும்.

சின்னவள்தான் பாவம். டையப்பர் போடும் குழந்தைக்குப் பெரிய குளங்களில் இடமில்லை, நீச்சல் டையப்பர் போட்டாலும் இல்லை. அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வந்துபோகும் கப்பல்களைச் சோதிக்கும் அந்த நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யின் சுகாதார விதியே அப்படி. சில கப்பல்களில் தனி வடிகட்டியோடு குட்டிகளுக்கென்று தண்ணீர் தெளிக்கும் இடம் வைத்திருக்கிறார்கள், எங்கள் கப்பலில் இல்லை. கிளப்பிலும் மூன்று வயது ஆகி, கழிப்பறைப் பழக்கம் வந்த பிறகுதான் சேர்த்துக்கொள்வார்கள். ஏழு நாளும் அண்ணன் குளத்தில் குதிப்பதை வேலி ஓரத்தில் நின்று பார்த்துக் கத்தினாள். குளியலறையில் தொட்டியும் கிடையாது, ஷவர்தான். காற்றடிக்கும் சின்னத் தொட்டி ஒன்றை நான் கொண்டுபோயிருந்தேன். அதை ஷவருக்கடியில் வைத்ததுதான் அவளுடைய கடல், குளம் எல்லாம். ஆறு மாதக் குழந்தையையே ஏற்றிக்கொள்கிறார்கள், நீண்ட கடல் கடப்புக்கு மட்டும் ஒரு வயது ஆக வேண்டும் என்கிறார்கள். ஏற்றிக்கொள்வது வேறு, அந்தக் குழந்தைக்கு அங்கே ஏதாவது இருக்கிறதா என்பது வேறு.

லிஃப்ட் இந்தக் கப்பலின் பெரிய குறை. துறைமுகத்தில் நிற்கும் காலையிலும் ராத்திரி நிகழ்ச்சி முடிந்ததும் ஒவ்வொரு கதவும் திறக்கும்போது உள்ளே ஆட்கள் நெருக்கியடித்து நிற்பார்கள். நடக்கத் தெம்புள்ளவர்கள் இரண்டு மாடி இறங்க லிஃப்டில் நிற்க, குழந்தையின் தள்ளுவண்டியோடு நாங்களும் கைத்தடியோடு அப்பாவும் வெளியே நிற்போம். நாலாவது முறை கதவு மூடியபோது அப்பா மேலே போகும் லிஃப்டில் ஏறிவிட்டார். உச்சிக்குப் போய், அதிலேயே நின்றபடி இறங்கி வந்து, நாங்கள் இன்னும் அங்கேயே நிற்பதைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டே கீழே போனார்.

அறையைக் கண்டுபிடிப்பதும் அப்பாவுக்குச் சிரமம்தான். தாழ்வாரம் முழுக்க ஒரே கதவு, ஒரே விளக்கு, ஒரே கம்பளம். சுவர், கதவு எல்லாம் உலோகம் என்பதால் காந்தம் ஒட்டும். பெரியவன் ஒரு காகிதத்தில் மூக்குக் கண்ணாடி போட்ட சுறா ஒன்று வரைந்து காந்தத்தால் தாத்தா கதவில் ஒட்டினான். அதற்குப் பிறகு அவர் எண்ணைப் பார்க்கவே இல்லை.

இரண்டாவது துறைமுகத்தில் கப்பல் கரையோடு அணையவில்லை. கரையிலிருந்து தள்ளிக் கடலில் நங்கூரம் போட்டுவிட்டு, சின்னப் படகில் ஆட்களை ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோனார்கள். கப்பலின் படிக்கும் படகின் விளிம்புக்கும் நடுவில் அலைக்குத் தக்கபடி இடைவெளி ஏறி இறங்கும். இரண்டு பணியாளர்கள் கையைப் பிடித்து, "இப்போ" என்றதும் தாண்ட வேண்டும். அப்பா ஒரு நிமிஷம் பார்த்தார். "நீ போம்மா, நான் இங்கேயே இருக்கேன்" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. எந்தத் துறைமுகத்தில் இப்படிப் படகு என்பது பயண அட்டவணையிலேயே போட்டிருந்தது, நான்தான் படிக்கவில்லை.

மாலையில் திரும்பி வந்தால் அந்த ஏழு நாளில் அப்பாவுக்கு அமைந்த ஆகச் சிறந்த நாள் அதுதான் என்று தெரிந்தது. கப்பல் காலி. லிஃப்ட் கூப்பிட்டதும் வந்திருக்கிறது. மேல்தளத்து நாற்காலி வரிசை முழுக்க அவருக்கு. பயணிகள் இறங்கிய பிறகு பணியாளர்களுக்கு ஒத்திகை நடந்திருக்கிறது. பயணிகள் கப்பலில் வாரம் தவறாமல் நடத்த வேண்டிய ஒத்திகை அது. உயிர்காக்கும் படகு ஒன்றைக் கம்பி வடத்தில் மெள்ள இறக்கினார்களாம், முந்தின ராத்திரி எங்களுக்குச் சூப் பரிமாறியவர் ஆரஞ்சு ஜாக்கெட் போட்டு அதில் உட்கார்ந்திருந்தாராம். ஒரு ஆள் நீளக் கோலில் உருளைத் தூரிகையைக் கட்டிக் கப்பலின் வயிற்றுக்கு வெள்ளை அடித்தாராம். உப்புக் காற்றில் துரு வந்துகொண்டே இருக்கும், அடித்து முடிவதே இல்லை என்று அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார். எந்த மொழியில் பேசினீர்கள் என்று கேட்டேன். "கையாலதான்" என்றார். நாங்கள் கரையில் வெயிலில் அலைந்து, நேரத்தைப் பார்த்துப் பார்த்துப் பதறி, கப்பல் நேரம் வேறு கரை நேரம் வேறு என்பதில் குழம்பி, கடைசி ஆட்களாக ஓடிவந்து ஏறினோம்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முதல் பந்தியைக் கேட்டு வாங்குங்கள். தினமும் அதே மேசை, அதே பரிமாறுபவர். மூன்றாம் நாளிலிருந்து அவர் கேட்காமலே சின்னவளுக்கு வெட்டின பழம் முதலில் வரும், அப்பாவுக்குச் சத்தம் குறைந்த சுவரோர நாற்காலி. சேவைக் கட்டணம் ஆளுக்கு, நாளுக்கு என்று தலையெண்ணிப் போடுகிறார்கள், குழந்தைக்கும் சேர்த்து. அந்த மனிதருக்காக நான் அதை முணுமுணுக்கவில்லை. பஃபேயில் ஒரு சேதி: வாசலில் கையில் பீய்ச்சும் ஜெல் போதாது. கப்பலில் பரவும் நோரோவைரஸ் என்ற வாந்தி பேதிக் கிருமிக்குச் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கை கழுவுவதுதான் சரியான வழி, ஜெல்லுக்கு அது அவ்வளவாக மசியாது. நிகழ்ச்சிகள், கடைகள், இணையம் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இணையம் விலை, நிகழ்ச்சி சத்தம்.

ஏறும்போது பெட்டிகளை வாங்கிக்கொண்டு சாயங்காலம்தான் அறையில் சேர்ப்பார்கள், அதனால் மருந்தும் டையப்பரும் கைப்பையில் இருக்கட்டும் என்று படித்திருந்தேன், அப்படியே செய்தேன். இறங்கும்போதும் அதே கதைதான் என்பது தலையில் ஏறவில்லை. கடைசி ராத்திரி வண்ண அட்டை கட்டி எல்லாப் பெட்டிகளையும் கதவுக்கு வெளியே வைக்கச் சொன்னார்கள். தூங்கும் குழந்தையைத் தாண்டித் தாண்டி இருட்டில் அடுக்கினேன். காலையில் அப்பா கட்டிலில் உட்கார்ந்து காலைக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். அவருடைய ஒரே ஜோடி ஷூ பெட்டியோடு போய்விட்டிருந்தது. அறையில் கொடுத்த வெள்ளைத் துணிச் செருப்பைப் போட்டுக்கொண்டு, கட்டுப் போட்ட விரல் வெளியே தெரிய, ஒரு கையில் கைத்தடி, மறு கையில் கண்ணாடி போட்ட சுறா என்று அப்பா கப்பலை விட்டு இறங்கினார்.