குரங்கைத் தடுக்க எது நல்லது: ரப்பர் பாம்பா, கூண்டா, கம்பி வலையா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த்தோ ஷால்கிராஸோ, எந்தக் குடியிருப்பானாலும் வீட்டுக்குப் பின்னால் மரம் அடர்ந்த பள்ளம் இருந்தால் அங்கே வெர்வெட் குரங்கும் இருக்கும். டிசம்பரில் மாவும் லிச்சியும் பழுத்துவிட்டால் அடுக்களைக்குள்ளும் வரும்.

பலரும் முதலில் வாங்குவது ரப்பர் பாம்பு. தொடக்கத்தில் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் பாம்புக்கு ஒரு குரல், சிறுத்தைக்கு ஒரு குரல், கழுகுக்கு ஒரு குரல் என்று பிரித்துக் கூவி எச்சரிக்கும் இனம் இது. அசையாமல் கிடக்கும் பாம்பு பொய் என்று சீக்கிரமே தெரிந்துகொள்ளும். அடிக்கடி இடம் மாற்றினால் இன்னும் கொஞ்ச நாள் ஓடும். குழாயால் தண்ணீர் பீய்ச்சுவது இதைவிடப் பயன் தரும், ஆனால் பகலெல்லாம் ஆள் நிற்க வேண்டும். நாயை ஏவிவிடுவது கூடவே கூடாது. ஆண் குரங்கின் கோரைப்பல் நாயைக் கிழிக்கும். குட்டியைச் சுமந்த தாய் ஓட முடியாமல் நாயிடம் சிக்கும்.

கூண்டு வைத்துப் பிடித்து வேறெங்காவது விடலாமே என்பார்கள். அதற்கு எஸெம்வெலோ வனவிலங்குத் துறையின் அனுமதி வேண்டும். கிடைத்தாலும் பலனில்லை: காலியான இடத்துக்குப் பக்கத்துக் கூட்டம் வந்துவிடும். பெண் குரங்குகள் பிறந்த கூட்டத்திலேயே ஆயுள் முழுக்க வாழ்பவை. அவற்றை அந்நிய இடத்தில் கொண்டுபோய் விடுவது கொடுமை. பெல்லட் துப்பாக்கி (காற்றழுத்தத்தால் சுடுவது) அதைவிடக் கொடுமை. ஈயக் குண்டு உடம்பில் தங்கி, புண் அழுகிச் சாகும். குடியிருப்புப் பகுதியில் அந்தத் துப்பாக்கியால் சுடுவதே குற்றம். விலங்கை வதைப்பது 1962ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிக் குற்றம்.

ஆக, என் ஓட்டு கம்பி வலைக்கு. நம் வீடுகளில் பர்க்ளர் கார்ட், அதாவது திருடனைத் தடுக்கும் ஜன்னல் கம்பி, ஏற்கெனவே இருக்கிறது, ஆனால் அதன் இடைவெளி திருடனுக்குப் போட்டது, குட்டிக் குரங்குக்கு அல்ல. அதன் மேல் வெல்ட் செய்த வலையை இறுகக் கட்டினால் போதும். கோழி வலை வேண்டாம், பிய்த்துவிடும். ஜன்னல் வெளிப்பக்கம் திறக்கும் என்பதால், கைப்பிடி அருகே கை நுழைய ஒரு சின்னக் கதவு விட்டுக் கட்டச் சொல்லுங்கள். எல்லா ஜன்னலுக்கும் வசதிப்படாவிட்டால் அடுக்களைக்கு மட்டுமாவது போடுங்கள். குரங்கு பகலில்தான் வரும், ராத்திரிக் காற்றுக்கு மற்ற ஜன்னல்களைத் திறந்துகொள்ளலாம்.

காருக்குச் செலவே இல்லை. கண்ணாடியை முழுக்க ஏற்றி, தின்பண்டத்தை எடுத்துவிடுங்கள். பக்கக் கண்ணாடியில் தன் உருவத்தைப் பார்த்துச் சண்டைக்கு வந்தால் அதன்மேல் ஒரு துணிப்பை மாட்டுங்கள். கேப் டவுன் பக்கம் போனால் கதவைப் பூட்டவும் வேண்டும்; அங்குள்ள பபூன் என்னும் பெரிய குரங்குகள் கதவைத் திறக்கும்.

வலை போட்டும் வாசலில் பழம் வைத்தால் எல்லாம் வீண். அனுமாருக்கென்று வாழைப்பழம் வைக்கும் பக்தியை நான் மதிக்கிறேன், ஆனால் அந்தப் பழத்துக்குப் பழகிய குரங்குதான் அடுத்த வீட்டில் குண்டடி படுகிறது. பழத்தைச் சாமி படத்துக்கு முன் வைத்து நாமே சாப்பிடலாம். கறுப்புக் குப்பைப் பையையும் லாரி வரும் நேரத்தில் மட்டும் வெளியே வையுங்கள்.

இத்தனைக்கும் மீறி உள்ளே வந்துவிட்டால் கத்தாதீர்கள், மூலையில் மடக்காதீர்கள். அது வந்த வழியை விட்டு விலகி நின்றால் தானே போய்விடும்.