நானோவிஎன்ஏ: உள்ளங்கைக்குள் ஓர் ஆன்டெனா அளவி

14 மெகாஹெர்ட்ஸ் டைபோலை, அதாவது இரு கைக் கம்பி ஆன்டெனாவை, சரிசெய்ய நானோவிஎன்ஏ என்ற இந்தச் சிறு கருவியைத்தான் எடுக்கிறேன். எஸ்டபிள்யூஆர் (அனுப்பும் சக்தி ஆன்டெனாவில் ஏறாமல் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் அளவு; 1:1 என்றால் எதுவும் திரும்பவில்லை) வளைவு முழுவதும் திரையில் தெரிகிறது. வளைவின் பள்ளம் 13.8 மெகாஹெர்ட்ஸில் விழுந்தால் கம்பி நீளம் அதிகம், கொஞ்சம் வெட்டினால் போதும். முள் மீட்டரில் இது இவ்வளவு சட்டென்று பிடிபடாது.

ஆனால் ஓப்பன், ஷார்ட், 50 ஓம் லோடு என்ற மூன்று ஒப்பீட்டு முனைகளையும் ஒவ்வொன்றாக மாட்டிக் கேலிபிரேட் (அளவீட்டுத் திருத்தம்) செய்யாமல் எந்த எண்ணையும் நம்பாதீர்கள். அதையும் கேபிளின் ஆன்டெனா முனையில் செய்யுங்கள். கருவிப் பக்கமே செய்தால் கேபிள் இழப்பும் கலந்து, எஸ்டபிள்யூஆர் உண்மையைவிட அழகாகத் தெரியும். (எஸ்டபிள்யூஆர் அழகாக இருந்தால் மட்டும் போதாது: சக்தியை வெறும் சூடாக்கிவிடும் டம்மி லோடுகூட 1:1 காட்டும், அது ஆன்டெனாவா என்ன?)

வெயிலில் திரை மங்கல். தொடுதிரைப் பொத்தான்கள் என் விரலுக்கு ரொம்பச் சிறிது, ஸ்டைலஸ் வேண்டும். அப்புறம், இது ஆன்டெனாவில் மாட்டியிருக்கும்போது பக்கத்து ஆன்டெனாவில் டிரான்ஸ்மிட் செய்யாதீர்கள். உள்ளீட்டுப் பகுதி கருகிவிடலாம்.