ஏலத்தோட்டத்து ஒற்றைத் தடத்தில் பெரிய குவாட்: 450ஆ, 700ஆ, இல்லை பைக்கே போதுமா?

பூப்பாறை, சாந்தன்பாறை பக்கம் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் போடிக்காரர்கள் வீட்டுப் பையன்களில் சிலருக்கு இப்போது ஸ்போர்ட் குவாட் ஆசை, அதாவது பைக் மாதிரி ஹேண்டில் பிடித்து ஓட்டும் நாலு சக்கர விளையாட்டு வண்டி. "450 எடுக்கட்டுமா, 700 எடுக்கட்டுமா அண்ணே?" என்று கேட்கிறார்கள். எத்தனை சிசி என்பதை அப்புறம் பார்க்கலாம் தம்பி, முதலில் உங்கள் தோட்டத்துத் தடம் எத்தனை அடி என்று அளந்துவிட்டு வா என்பேன்.

ஜீப் போகும் பாதையைச் சொல்லவில்லை. காய் எடுக்க ஆட்கள் நடக்கும் தடம், நிழல் மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போவது. நாலரை அடி கிடைத்தாலே பெரிசு. அதன் இரண்டு ஓரத்திலும் ஏலச்செடி. ஏலத்தில் காய் பிடிக்கும் சரம் தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படர்ந்து கிடக்கும். சக்கரம் ஒரு சாண் விலகினாலும் பூவும் பிஞ்சுமாக நசுங்கும். வீட்டில் அப்பா திட்டுவது வண்டிச் சத்தத்துக்காக இருக்காது.

யமஹாவின் ஒய்எஃப்இசட் 450ஆர் ஏறக்குறைய 49 அங்குல அகலம், அதாவது நாலடிக்கும் மேல். மோட்டோகிராஸ் களத்தில் தாவி இறங்கும்போது கவிழாமல் இருக்க வேண்டும் என்று அகலமாகச் செய்த வண்டி அது. மரங்களுக்கு நடுவே ஓட்டுகிறவர்களுக்கு இது ஒத்துவராது என்பது யமஹாவுக்கே தெரியும். அதனால்தான் 2010 மாடலாக 46 அங்குலத்தில் 450எக்ஸ் என்று தனியாக ஒன்றைக் கொண்டுவந்தார்கள். யமஹாவின் இன்னொரு குவாடான ராப்டர் 700ஆர் பேரில்தான் பெரிசு. எஞ்சின் 686 சிசி, அகலம் அதே 46 அங்குலம்தான். கேட்க மூன்று அங்குலம் அற்பமாகத் தெரியும். பலா மரத்துக்கும் பாறைக்கும் நடுவே மாட்டிக்கொண்டால்தான் அருமை புரியும்.

எஞ்சினிலும் எனக்கு 700தான். 450இன் எஞ்சின் வேகமாகச் சுற்றினால்தான் உயிர் பெறும். கொண்டை ஊசி போன்ற வளைவில் நடை வேகத்துக்கு இறங்கும்போது கிளட்சைப் பிடித்துப் பிடித்து விட வேண்டும், கொஞ்சம் அசந்தால் அணைந்துவிடும். 700இன் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதே இழுக்கும். அதைவிட முக்கியம் ரிவர்ஸ் கியர். ராப்டரில் உண்டு, 450ஆரில் கிடையாது. சின்னக்கானலில் அரிக்கொம்பன் என்ற காட்டு யானையை 2023 ஏப்ரலில் பிடித்துக்கொண்டு போனார்கள். மற்ற யானைகள் எங்கேயும் போய்விடவில்லை. முன்னால் மூங்கில் ஒடியும் சத்தம் கேட்கும்போது, திருப்ப இடமில்லாத தடத்தில் இறங்கி நின்று வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கித் திருப்பிக்கொண்டிருப்பது நடக்கிற காரியமா?

ஆனால் இரண்டுக்கும் பொதுவான குறைகள் இருக்கின்றன, 700 என்றதும் அவை மறைந்துவிடாது. ஸ்போர்ட் குவாடில் பின் சக்கரம் இரண்டும் ஒரே ஆக்சிலில் இறுகியிருக்கும், இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றுவதால் ஹேண்டிலைத் திருப்பினாலும் முன்பக்கம் நேராகவே போகப் பார்க்கும். திறந்த வெளியில் ஆக்சிலரேட்டரை அழுத்திப் பின்பக்கத்தை வழுக்க விட்டுத் திருப்பிவிடலாம். மரத்துக்கு நடுவே வழுக்க இடம் ஏது? இடுப்பை உள்பக்கமாக நகர்த்தி, முன்னால் சாய்ந்து, உள்பக்கப் பின் சக்கரத்தின் பாரத்தைக் குறைத்தால்தான் திரும்பும். அரை மணி நேரத்தில் தொடை கடுக்கும்.

இன்னொன்று, ஹேண்டில்பார் நுழைந்துவிட்டது என்று நம்பக் கூடாது. முன் சக்கரம் அதைவிட வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அது மரத்தில் உரசினால் டயரின் பொத்தான்கள் பட்டையைக் கவ்வி ஏறும், ஹேண்டில் கையை விட்டுப் பிடுங்கிக்கொள்ளும். கால்மிதியிலிருந்து கால் நழுவினால் பின் சக்கரம் அதன்மேல் ஏறும். இரண்டு சக்கரத்துக்கும் நடுவே கால் காப்புக் கம்பி போடாமல் காட்டுத் தடத்தில் இறங்கவே வேண்டாம்.

சரி, ஜீப் பாதையிலாவது நிம்மதியா என்றால் அதுவும் இல்லை. ஜீப்பின் தடம் குவாடின் தடத்தைவிட அகலம். ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்திலும் மறுபக்கம் நடு மேட்டிலுமாகச் சாய்ந்துகொண்டே போக வேண்டியிருக்கும். பின் ஆக்சிலுக்கு அடியில் தரைக்கு நாலரை அங்குலம் போலத்தான் இடைவெளி. மழையில் மண் கரைந்து வேர் எழும்பி நிற்கும் இடமெல்லாம் தட்டும்.

போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 570 மாதிரி சுமை குவாட்களில் இந்தத் தொல்லை குறைவு. 11 அங்குல இடைவெளி, கியர் மாற்றும் வேலை இல்லை, உர மூட்டையைக் கட்டலாம். ஆனால் அகலம் 48 அங்குலம், எடை 300 கிலோவுக்கு மேல். ஜீப் பாதைக்குச் சரி, ஒற்றைத் தடத்துக்கு ஆகாது.

தோட்டத்தைச் சுற்றிப் பார்க்க ஒரே ஆள் போவதென்றால் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 மாதிரி ஒரு பைக் இவை எல்லாவற்றையும் அடித்துவிடும். ஏறக்குறைய 160 கிலோ, 220 மில்லிமீட்டர் இடைவெளி, ஹேண்டில் முனைக்கு முனை மூன்றடிக்குள். ஆள் நடக்கும் தடத்தில் அதுவும் நடக்கும். களிமண் ஈரத்தில் கீழே போடத்தான் செய்யும், தூக்கி நிறுத்திக்கொள்ளலாம். உதிரி பாகம் போடியிலேயே கிடைக்கும். யமஹா இந்தியாவில் குவாட் விற்பதில்லை; ஒரு பேரிங் போனால் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும்.

ஐந்தடித் தடம் சொந்தமாக இருந்து, விளையாட்டுக்குத்தான் வேண்டும் என்றால் ராப்டர் வாங்கலாம், தப்பில்லை. மதிகெட்டான் சோலை எல்லைப் பக்கம் மட்டும் மூக்கை நீட்டக் கூடாது, அது தேசியப் பூங்கா. இன்னொன்றையும் யோசித்துக்கொள்ளுங்கள். ஸ்போர்ட் குவாடுக்கு இங்கே பதிவெண் கிடைக்காது. போலாரிஸ் 570ஐ டிராக்டர் என்ற வகையில் 2021இல் ரோட்டில் ஓட்டும்படி விற்றார்கள், ராப்டருக்கு அந்த வழியும் இல்லை. போடிமெட்டு ரோட்டுக்கு இரண்டு பக்கமும் தோட்டம் இருக்கிறவர்கள் எஞ்சினை அணைத்துவிட்டு, ஏறக்குறைய 190 கிலோவைத் தள்ளிக்கொண்டுதான் ரோட்டைத் தாண்ட வேண்டும்.