விளக்கீட்டுக்கு வந்தது மண் விளக்கல்ல: என் 46,500 ரூபா போன விதம்

முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன்: 46,500 ரூபா. வீட்டில் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கைவேலை செய்விக்கிற தாய்மாரும், பிறந்தநாளுக்கும் பண்டிகைக்கும் ஒரு கருப்பொருள் வைத்து விருந்து நடத்துகிறவர்களும் இதைத் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள். இணையத்தில் "கைவினைத் தொகுப்பு" விற்கிற பக்கம் ஒன்றிடம் நான் ஏமாந்து இன்றோடு ஐந்து நாள். பக்கத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறோம், அது ஒரு முடிவுக்கு வரும்வரை பெயர் போட வேண்டாம் என்று என் கணவர் சொல்கிறார். ஆனால் ஏமாற்றிய விதத்தை ஒன்றுவிடாமல் எழுதப்போகிறேன்.

நாங்கள் இருப்பது வெள்ளவத்தையில், ஒரு தொடர்மாடியின் நான்காம் மாடியில். முற்றம் கிடையாது. ஊரில் விளக்கீடு, அதாவது கார்த்திகைத் தீபம், என்றால் அம்மம்மா படலையடியில் வாழைக்குற்றி நட்டு, அதன் தலையில் சிரட்டையை வைத்து எண்ணெய் ஊற்றித் திரி போடுவார். வளவைச் சுற்றித் துணி சுற்றிய பந்தங்கள் எரியும். கிணற்றடிக்கும் மாட்டுக்கொட்டிலுக்கும்கூட ஒவ்வொரு விளக்கு உண்டு. குமாராலய தீபத்தன்று முருகன் கோவிலில் சொக்கப்பனை எரிந்து சரியும் வரைக்கும் எங்களில் ஒருவரும் வீட்டுக்குப் போக மாட்டோம். என் பிள்ளைகளுக்கு இதெல்லாம் நான் சொல்லித்தான் தெரியும். அதனால் சென்ற வருடம் எங்கள் மாடிப் பிள்ளைகள் ஆறு பேரைக் கூப்பிட்டு, புறக்கோட்டையில் நானே அலைந்து வாங்கிய, சிட்டி எனப்படும் சிறு மண் விளக்குகளுக்கு வர்ணம் தீட்டவைத்து, மாலையில் பல்கனியிலும் படிகளிலும் ஏற்றினோம். அவ்வளவுதான். அது நன்றாக இருந்ததால் இந்த வருடம் கீழ் மாடிக்காரரும் கேட்டார்கள். தமிழ், சிங்கள, முஸ்லிம் பிள்ளைகள் என்று பதினெட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள். போயா, அதாவது பௌர்ணமி, விடுமுறை நாள் என்பதால் எல்லோருக்கும் வசதி.

பதினெட்டுப் பிள்ளைகளுக்கும் சிட்டி, வர்ணம், பிரஷ், கண்ணாடிச் சில்லு, பசை என்று புறக்கோட்டை கெய்சர் வீதியில் கடை கடையாக ஏற என்னால் முடியவில்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வரவே ஆறரை மணி. அந்த நேரத்தில்தான் இந்தப் பக்கம் என் கண்ணில் பட்டது. ஒரு தொகுப்பில் சுட்ட மண் விளக்கு ஐந்து, ஐந்து நிற வர்ணம், இரண்டு பிரஷ், கண்ணாடிச் சில்லு ஒரு பொட்டலம், திரி. விலை 1,950 ரூபா. இருபது தொகுப்பு 39,000 ரூபா. வீட்டுக்கு வந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆசிரியை, அதற்கு 7,000 ரூபா. அனுப்புகூலி 500 ரூபா. மொத்தம் 46,500.

விளக்குகள் மொலகொடவில் இருந்து வருகின்றன என்று சொல்லி, சக்கரத்தில் ஒருவர் மண் வனையும் காணொளியையும் அனுப்பினார்கள். கண்டி வீதியில் கேகாலைப் பக்கம் போனவர்களுக்கு மொலகொட மட்பாண்டக் கடைகளைத் தெரியும். நானும் அங்கே இறங்கி அம்மாவுக்குச் சட்டி வாங்கியிருக்கிறேன். ஆனாலும் உடனே நம்பிவிடவில்லை. ஒரு மாதிரி விளக்கு அனுப்பும்படி கேட்டேன். மறுநாளே கூரியரில் வந்தது, வைக்கோலில் சுற்றி.

அந்த ஒற்றை விளக்கு அசல். நகத்தால் தட்டினால் கணீரென்றது. தண்ணீரில் போட்டவுடன் சின்னச் சின்னக் குமிழி விட்டு, நிறம் கறுத்து, சமையலறை முழுக்க மழை பெய்த மண் வாசம் எழுந்தது. என் சின்ன மகள் அதை இரண்டு கையாலும் ஏந்தி மூக்கருகே வைத்துக்கொண்டு, "அம்மா, ஊர் மணக்கிறது" என்றாள். ஊரில் அவள் மொத்தமாக மூன்று கிழமைகூட இருந்ததில்லை. அன்றிரவு அதில் எண்ணெய் விட்டு ஏற்றிப் பார்த்தோம். ஒரு சொட்டும் கசியவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் அந்தப் பக்கத்தை நடத்துகிற பெண் அழைத்தார். குரல் அவ்வளவு மென்மை. "அக்கா, நானும் இரண்டு பிள்ளைகளின் தாய். பிள்ளைகள் விடயத்தில் பிழை விட்டால் எனக்குத் தூக்கம் வராது" என்றார். பாதிப் பணம் இப்போது, மீதி பொருள் வந்தபின் என்று நான் சொன்னேன். "வேறு யாரென்றாலும் சரி என்பேன் அக்கா, இது குயவருக்கு நேரடியாகப் போகிற காசு, இன்றிரவுக்குள் முழுவதும் கட்டினால்தான் உங்கள் நூறு விளக்கையும் ஒதுக்கிவைப்பார், விளக்கீட்டுக்கு எத்தனை பேர் கேட்கிறார்கள் தெரியுமா" என்றார். கணக்கு ஓர் ஆணின் பெயரில் இருந்தது. கேட்டேன். தம்பியின் கணக்காம். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருக்க, ஒரு கையில் அகப்பையோடு நின்றபடி 46,500 ரூபாவையும் அனுப்பினேன். இரவு 9.40. அந்த வங்கிக் குறுஞ்செய்தி இன்னமும் என் கைபேசியில் இருக்கிறது.

புதன்கிழமை வர வேண்டிய பெட்டி வரவில்லை. வியாழனும் இல்லை. "நாளை, கட்டாயம்" என்ற பதிலே திரும்பத் திரும்ப வந்தது. கடைசியில் விளக்கீட்டுக்கு முதல் நாள் இரவு ஒன்பது மணி கடந்து வந்தது. அந்த நேரத்துக்கு எந்தக் கடை திறந்திருக்கும்? இதைத் திட்டமிட்டே செய்கிறார்கள் என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது. முதல் நாள் இரவில் பெட்டியைத் தந்துவிட்டால் வாங்கியவளால் திருப்பி அனுப்பவும் முடியாது, வேறெங்கும் போய் வாங்கவும் முடியாது.

நூறு விளக்கு வர வேண்டிய இடத்தில் எண்பத்து மூன்று இருந்தன. பார்வைக்கு நல்ல செங்கல் நிறம். எண்ணெய் உறிஞ்சாமல் இருக்க முதலில் ஊறவைத்து உலர்த்திய பின்தான் வர்ணம் தீட்ட வேண்டும் என்று அந்தப் பெண்ணே எழுதியிருந்தார், அம்மம்மாவும் அப்படித்தான் செய்வார். எல்லாவற்றையும் பெரிய பேசினில் போட்டுவிட்டுப் படுத்தேன்.

காலையில் பேசின் தண்ணீர் சிவப்பாக இருந்தது. கையை விட்டு ஒன்றைத் தூக்கினேன். தேநீரில் ஊறிய பிஸ்கட்டைப் போல விளிம்பு விரலோடு வந்தது. உள்ளே வெள்ளை வெளேரென்று சுண்ணாம்புக் கட்டி. பரிஸ் சாந்தை (பிளாஸ்டர் ஒஃப் பரிஸ்) அச்சில் ஊற்றி, மேலே சிவப்புச் சாயம் பூசியிருக்கிறார்கள். பேசினின் அடியில் மாவு போல வண்டல். என் விரல்களிலும் நகக்கண்களிலும் அந்தச் சாயம் இரண்டு நாள் போகவில்லை. எண்பத்து மூன்றில் ஒன்றுகூட மண் இல்லை. நான் அந்தப் பேசினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதேன். பணத்துக்காக மட்டும் அழவில்லை. பின்னேரம் நான்கு மணிக்குப் பதினெட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள்.

வர்ணப் போத்தல்களில் பாதி இறுகிக் கிடந்தன. மிச்சம் தண்ணீர் பட்டால் கரைகிற மலிவு வர்ணம். பிரஷ்ஷைத் துடைத்தால் மயிர் கையோடு வந்தது. கண்ணாடிச் சில்லு என்று வந்தது மினுங்குகிற கடதாசி.

ஆசிரியை வரவே இல்லை. மூன்றேகாலுக்கு "புறப்பட்டுவிட்டார் அக்கா" என்று செய்தி. நான்கு மணிக்கு "பம்பலப்பிட்டியில் நெரிசல்". போயா நாளில் காலி வீதியில் நெரிசல் இருக்காது என்று எனக்குத் தெரியாதா? நாலரைக்கு முச்சக்கரவண்டி பழுது. அதன் பிறகு நான் அழைத்தால் அவர் எடுக்கவில்லை. வரவேற்பறையில் பழைய பத்திரிகைகளை விரித்துப் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள், சட்டை பழுதாகாமல் இருக்கத் தகப்பன்மாரின் பழைய சேர்ட்டுகளைப் போட்டுக்கொண்டு. "அன்ரி, எப்போது தொடங்குவோம்?" என்று ஒரு பெடியன் நாலு தரம் கேட்டுவிட்டான். அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் சமையலறைக்குள் போய் நின்றேன்.

கடைசியில் மூன்றாம் மாடிச் சிங்கள அன்ரிதான் தன் வீட்டில் விறகுக்குச் சேர்த்துவைத்திருந்த சிரட்டைகளை ஒரு சாக்கோடு கொண்டுவந்து வைத்தார். என் கணவர் மண்தாளால் தேய்த்துக் கொடுக்க, வீட்டில் இருந்த பள்ளிக்கூட வர்ணப் பெட்டிகளை எடுத்துப் பிள்ளைகள் வெளிப்புறத்துக்கு மட்டும் தீட்டினார்கள். அன்று விளக்கேற்றினோம். ஆனால் அந்தப் பக்கத்துக்காரருக்கு அதில் ஒரு பங்கும் கிடையாது, அதைத் தெளிவாகச் சொல்லிவைக்கிறேன்.

மறுநாள் தொடங்கியது அடுத்த அலைச்சல். படங்களை அனுப்பியதும் முதலில் வந்த பதில், "ஐயோ அக்கா, கூரியரில் பெட்டி மாறியிருக்கும்." பெட்டியில் என் பெயரும் மாடி இலக்கமும் அவர் கையெழுத்தில் இருந்தன. அதைப் படம் எடுத்து அனுப்பினேன். அரை நாள் மௌனம். பிறகு, "அது அலங்கார விளக்கு, நீங்கள் ஏன் தண்ணீரில் போட்டீர்கள்?" ஊறவைக்கச் சொன்ன அவருடைய செய்தியையே திருப்பி அனுப்பினேன். அதற்குப் பதில் இல்லை. மாலையில், "எங்கள் நிபந்தனைப்படி பணம் மீளத் தரப்படாது, உங்கள் அடுத்த கொள்வனவுக்குப் பத்து வீதக் கழிவு தருகிறோம்" என்று வந்தது. அக்கா என்ற சொல்லைக் காணவில்லை. ஆசிரியைக்குக் கட்டிய 7,000 ரூபாவையாவது தாருங்கள், ஆள் வரவே இல்லையே என்று எழுதினேன். அத்தோடு என்னைத் தடைசெய்துவிட்டார். பக்கத்தில் நான் எழுதிய கருத்தும் பத்து நிமிடத்தில் காணாமல் போனது. பக்கத்து வீட்டு அக்கா தன் கைபேசியில் இருந்து அழைத்துப் பார்த்தார். முதல் மணியிலேயே எடுத்து, அதே மென்மையான குரலில், "சொல்லுங்கள் அக்கா, எத்தனை தொகுப்பு வேண்டும்?" என்று கேட்டாராம்.

வங்கியில் கேட்டேன். நானே விரும்பி அனுப்பிய பணம், பெற்றவர் சம்மதிக்காமல் திருப்ப முடியாது என்றார்கள். நுகர்வோர் விவகார அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்தேன். விற்றவரின் பெயர், முகவரி, பற்றுச்சீட்டு இருக்கிறதா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. என்னிடம் இருப்பது ஒரு கணக்கு இலக்கமும், என் அழைப்பை எடுக்காத ஒரு தொலைபேசி இலக்கமும், வைக்கோலில் சுற்றி வந்த ஒரு நல்ல விளக்கும்தான். இருப்பதை வைத்து எழுத்தில் கொடுத்திருக்கிறோம். பொலிஸிலும் முறைப்பாடு பதிந்தாயிற்று.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இந்தக் கோபத்தில் கோர்வையாக வரவில்லை. அவசரத்துக்கு இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மாதிரி நன்றாக இருந்தது என்று முழுப்பணம் கட்டாதீர்கள், மாதிரியைத்தான் அவர்கள் தேர்ந்து அனுப்புவார்கள். முகவரியும் பற்றுச்சீட்டும் தராதவரிடம் வாங்கவே வாங்காதீர்கள். கணக்குப் பெயர் வேறாக இருந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். நிகழ்ச்சிக்கு நான்கைந்து நாளுக்கு முன் பொருள் கைக்கு வர வேண்டும். மண் விளக்கென்றால் அடிப்பக்கத்தை ஒரு நாணயத்தால் கீறிப் பாருங்கள், வெள்ளை தெரிந்தால் சாந்து. ஈர விரலால் தேயுங்கள், சாயம் ஒட்டினால் வாங்க வேண்டாம். பிள்ளைகள் தீட்டும்போது திரி எரிகிற மூக்கிலும் உட்பக்கத்திலும் வர்ணம் படவிடாதீர்கள், நெருப்புப் படும் இடம்.

ஊறிச் சிதைந்த விளக்குகளை அந்தப் பெட்டியோடு பல்கனியில் வைத்திருக்கிறேன். குப்பைக்காரர் இரண்டு தரம் கேட்டும் கொடுக்கவில்லை, அது சாட்சி.

இன்று இந்தப் பதிவை எழுத உட்காரவைத்தது வேறொன்று. காலையில் பக்கத்து வீட்டு அக்கா தன் கைபேசியைக் கொண்டுவந்து காட்டினார். அதே பக்கம். "தைப்பொங்கலுக்குப் பிள்ளைகள் தீட்டும் மண்பானைத் தொகுப்பு, முதல் இருபது பேருக்கு மட்டும்" என்று போட்டிருக்கிறார்கள். கீழே அதே சக்கரம், அதே குயவரின் கைகள். அதற்குள் பதினொரு தாய்மார் விலை கேட்டு எழுதியிருந்தார்கள். உங்களில் யாராவது அந்தப் பதினொரு பேரில் ஒருவராக இருந்தால், பணம் அனுப்புவதற்கு முன் எனக்கு ஒரு செய்தி போடுங்கள். வெள்ளவத்தைக்கு வந்தீர்கள் என்றால் பெட்டியைத் திறந்தே காட்டுகிறேன்.