ஊரப்பாக்கமா, வேப்பம்பட்டா, தையூரா? சென்னை ஓரத்து ஊராட்சிகள்: ஓர் ஒப்பீடு

சென்னைக்கு வெளியே அரை கிரவுண்டு (1,200 சதுர அடி) மனை தேடுபவரிடம் தரகர் முதலில் எடுத்து வைப்பது சதுர அடி விலையை. அங்கே குடியேறியவர்கள் பேசிக்கொள்வதோ வேறு இரண்டைப் பற்றி: போரில் (ஆழ்துளைக் கிணற்றில்) வரும் தண்ணீர், பெரிய சாலையிலிருந்து வீடு வரைக்குமான கடைசி இரண்டு கிலோமீட்டர். அந்த இரண்டையும் வைத்து மூன்று திசைகளில் மூன்று ஊர்களை இங்கே எடைபோடுகிறோம். செங்கல்பட்டு ரயில் தடத்தில் ஊரப்பாக்கம், திருவள்ளூர் தடத்தில் வேப்பம்பட்டு, பழைய மாமல்லபுரம் சாலையில் கேளம்பாக்கத்தைத் தாண்டித் தையூர். சென்னைப் பெருநகரின் எல்லை 2022 அக்டோபரில் 1,189 சதுர கி.மீ.யிலிருந்து 5,904 சதுர கி.மீ. ஆனது. விளம்பரத்தில் எல்லாமே 'சென்னை'தான். ஆனால் ஊராட்சிக்குள் பாதாளச் சாக்கடையோ மெட்ரோ வாட்டர் குழாயோ அதனால் வந்துவிடவில்லை.

போக்குவரத்து

ரயில் வேண்டுமென்றால் தையூர் இப்போதே கழிந்துவிடும். அங்கே பேருந்து, கம்பெனி வண்டி, சொந்த வண்டி, இவ்வளவுதான். மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் மாதவரம் தடம் சிறுசேரி சிப்காட்டில் முடிகிறது. தையூர் அதற்கும் தெற்கே. 'மெட்ரோவுக்குப் பக்கம்' என்று யாராவது சொன்னால், அந்தப் பக்கத்தை ஸ்கூட்டரில் காலை எட்டரை மணிக்கு ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

ஊரப்பாக்கத்துக்குக் கடற்கரை–செங்கல்பட்டு மின்ரயில் உண்டு. ஆனால் வண்டிகளில் பெரும்பகுதி தாம்பரத்தோடு நின்றுவிடும். தாம்பரம் வரை சில நிமிடங்களுக்கு ஒன்று என்றால், அதற்கு மேல் இடைவெளி நீளும். இரவில் ஒன்றைத் தவறவிட்டால் தாம்பரத்தில் இறங்கி ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலைப் பேருந்துதான் கதி. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டபின் பேருந்துக்குப் பஞ்சமில்லை, நெரிசலுக்கும் இல்லை. பொங்கல், தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாலைகளில் பெருங்களத்தூரிலிருந்து ஊரப்பாக்கம் வருவதைவிட ரயிலில் நசுங்குவது மேல்.

வேப்பம்பட்டு, சென்ட்ரல்–அரக்கோணம் தடத்தில் திருநின்றவூருக்கும் செவ்வாப்பேட்டைக்கும் நடுவே இருக்கிறது. அம்பத்தூர், பெரம்பூர், சென்ட்ரல் பக்கம் வேலை என்றால் இதற்கு ஈடில்லை. விரைவு லோக்கல்கள் எல்லா நிலையங்களிலும் நிற்பதில்லை. உங்கள் நேரத்து வண்டி நிற்கிறதா என்பதைக் கால அட்டவணையில் முன்கூட்டியே பாருங்கள். அதைவிட முக்கியம், மனை தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம் என்பது. சி.டி.எச். (சென்னை–திருவள்ளூர்) சாலை இருக்கும் பக்கமென்றால் பள்ளி, மருத்துவமனை, கடை எதற்கும் தடத்தைத் தாண்ட வேண்டாம். எதிர்ப்பக்கமென்றால் அன்றாடம் தாண்டியாக வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் விலை வித்தியாசம் சும்மா வந்ததல்ல.

கிண்டிக்கோ தாம்பரத்துக்கோ போகிறவர் வேப்பம்பட்டில் வீடு வாங்கினால் நகரத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். வண்டலூரிலிருந்து நெமிலிச்சேரி வழியாக மீஞ்சூர் போகும் வெளிவட்டச் சாலை (சுமார் 62 கி.மீ.) சொந்த வண்டிக்காரருக்குத்தான் உதவும்.

தண்ணீர்: உள்ளே வருவது

ஊரப்பாக்கம் பக்கம் அடியில் பாறை. பாறையில் வெடிப்பு இருக்கும் இடத்தில்தான் ஊற்று. பக்கத்து மனையில் நன்றாகக் கிடைத்தது என்பதால் உங்கள் மனையிலும் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். போர் போடுபவரிடம் அடிக்கணக்கில் மட்டும் பேசாமல், கேசிங் பைப் (துளை சரியாமல் இருக்க இறக்கும் குழாய்) எத்தனை அடி, பாறை எத்தனை அடியில் தொடங்கியது என்பதை எழுதி வாங்குங்கள். பின்னால் மோட்டார் மாட்டும்போது அது தேவைப்படும்.

வேப்பம்பட்டுப் பக்கம் ஏரிப் பாசனம் இருந்த வயல் நிலம். தண்ணீர் கிடைப்பது பெரும்பாலும் சிக்கலில்லை. தரம்தான் தெருவுக்குத் தெரு மாறும்.

தையூர் பக்கத்தில் பிரச்சினையே உப்பு. கிழக்கே பக்கிங்காம் கால்வாயும் முட்டுக்காட்டுக் கழிமுகமும். ஏரியை ஒட்டிய மனைக்கும் கால்வாய்ப் பக்க மனைக்கும் தண்ணீர் ஒன்றாக இராது. உப்புத் தண்ணீர் குடிக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதில் வீடு கட்டக்கூடாது என்பது பலருக்கு உறைப்பதில்லை. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது இந்தியத் தர விதி. தாண்டினால் கம்பி உள்ளுக்குள் துருப்பிடித்து உப்பும். சில ஆண்டுகளில் சிலாப் அடியிலிருந்து சிமெண்டு பெயர்ந்து விழும். கட்டுவதற்கும் க்யூரிங்குக்கும் (கான்கிரீட் இறுக நனைத்து வைப்பதற்கும்) லாரித் தண்ணீர் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். இல்லையென்றால் மேஸ்திரி பக்கத்து போரைத்தான் திறப்பார். கட்டி முடித்த வீட்டையோ ஃபிளாட்டையோ வாங்குபவர், எந்தத் தண்ணீரில் கட்டினார்கள் என்று கேட்காமல் முன்பணம் கொடுக்கவே கூடாது.

மூன்று ஊரிலும் முதலில் செய்ய வேண்டியது பரிசோதனை. குடிநீருக்கு டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்றது. வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை பொறுக்கலாம். கடினத்தன்மைக்கு அந்த எண்கள் 200, 600. கையடக்க டி.டி.எஸ். மீட்டர் உப்பை மட்டும் காட்டும். சாக்கடைக் கிருமியைக் காட்டாது. அதற்கு ஆய்வகத்துக்குத்தான் மாதிரி போக வேண்டும். குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட அளவில் ஆய்வகங்கள் உண்டு. மே மாதத்துத் தண்ணீரையும் கார்த்திகைத் தண்ணீரையும் தனித்தனியே பார்ப்பது நல்லது.

தண்ணீர்: வெளியே போவது

பாதாளச் சாக்கடை இல்லாத ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் செப்டிக் டேங்க், அதன் தண்ணீர் மண்ணுக்குள் இறங்க ஓர் உறிஞ்சுகுழி. கிணறோ போரோ உறிஞ்சுகுழியிலிருந்து 50 அடியாவது தள்ளியிருக்க வேண்டும் என்பது பழைய நடைமுறை. 30-க்கு 40 அரை கிரவுண்டு மனையின் மூலைவிட்டம் சரியாக 50 அடி. அதாவது போர் ஒரு மூலையிலும் குழி எதிர்மூலையிலும் இருந்தால்தான் கணக்குத் தேறும். அதுவும் உங்கள் குழிக்கு மட்டுமே. பின்வீட்டுக்காரர் குழி உங்கள் போரை ஒட்டியே வந்தால் யாரையும் குறை சொல்ல முடியாது. மனையின் அளவே அப்படி. ஆகவே போர் இடம் குறிக்குமுன் மூன்று பக்கத்து வீடுகளின் டேங்க் எங்கே என்று கேட்டுவிடுங்கள். 600, 800 சதுர அடி மனையில் போர்த் தண்ணீரைக் குடிப்பதையே மறந்துவிடலாம்.

கழிவை உறிஞ்சும் லாரி தெருவுக்குள் நுழைய முடியுமா என்பதும் கவனிக்க வேண்டியது. டேங்க் மூடியைப் போர்ட்டிகோ டைல்ஸுக்கு அடியில் புதைத்துவிட்டு, மூன்றாம் ஆண்டு உடைப்பவர்கள் எல்லா நகரிலும் இருக்கிறார்கள். அடிமண் களியாக இருந்தால் உறிஞ்சுகுழி மழைக்காலத்தில் உறிஞ்சாது; கழிப்பறையில் தண்ணீர் ஏறி நிற்கும். வயல் நிலமான வேப்பம்பட்டில் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

மழை

பட்டாவில் நஞ்சை என்றிருந்தால், அது ஒரு காலத்தில் ஏரித் தண்ணீர் தானாக ஓடிப் பாய்ந்த இடம். மனையாக மாறினாலும் தண்ணீருக்கு வழி மறப்பதில்லை. மனை இருக்கும் குடியிருப்பு நகரின் பெயரில் ஏரி, தாங்கல் என்றிருந்தால் இன்னொரு முறை யோசிக்கலாம். இந்த வட்டாரத்தில் தாங்கல் என்றாலே சிறு நீர்நிலை. கிராம வரைபடத்தில் ஏரிக்கலங்கலும் (உபரி நீர் வழியும் இடம்) வாய்க்காலும் எங்கே போகின்றன என்று பாருங்கள்.

ஊரப்பாக்கத்துக்கு மேற்கே ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளிலிருந்துதான் அடையாறு தொடங்குகிறது. அந்த ஆற்றோரத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் 2015-இல் எப்படி மூழ்கின என்பது ஊரறிந்தது. மலையடிவாரத்து மேட்டு மனையும் மேற்குச் சரிவு மனையும் ஒரே ஊரப்பாக்கம்தான், இரண்டும் ஒன்றல்ல. திருவள்ளூர் தடத்தில் திருநின்றவூர் ஏரியை ஒட்டிய நகர்களும் இதே ரகம்.

தரைமட்டம் சாலையிலிருந்து மூன்று அடி உயரமாவது இருக்கட்டும். ஊராட்சிச் சாலையைச் சுரண்டிவிட்டுப் போடுவது அரிது. பழையதன் மேலேயே போடுவார்கள். இரண்டு முறை போட்டால் உங்கள் வாசல் படி ஒன்று குறையும்.

ஊராட்சி அலுவலகம்

வீட்டுவரி மாநகராட்சியைவிடக் குறைவு, சேவையும் அப்படித்தான். லே-அவுட் போட்டவர் சாலைகளைத் தானப் பத்திரம் மூலம் ஊராட்சிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாரா என்பதை மட்டும் விடாதீர்கள். எழுதாவிட்டால் அது தனியார் நிலம். தார் போடவோ தெருவிளக்கு மாட்டவோ ஊராட்சி கை வைக்காது. அங்கீகாரம் இல்லாத மனை என்றால், 2016 அக்டோபர் 20-க்கு முன் போடப்பட்ட லே-அவுட்டா, அதை முறைப்படுத்திய வரன்முறை ஆணை இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். முறையான மனையாக இருந்தால், 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரை வீட்டுக்கு இணையத்திலேயே அனுமதி பெறலாம்.

முறையிடக் கிராமசபை உண்டு, ஆண்டுக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தெருவிலிருந்து பத்துப் பேர் சேர்ந்து போனால் தீர்மானத்தில் ஏறும். இதில் ஊர்களுக்குள் ஒரு வித்தியாசம் உண்டு. ஊரப்பாக்கமும் தையூரும் உள்ள செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ளாட்சித் தேர்தல் 2021-இல் நடந்தது. வேப்பம்பட்டு உள்ள திருவள்ளூர் மாவட்டத்தில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, ஊராட்சி அரசு நியமித்த தனி அலுவலர் பொறுப்புக்குப் போனது. தலைவர் தெருமுனையில் கிடைப்பார். தனி அலுவலரைப் பார்க்க ஒன்றிய அலுவலகம் போக வேண்டும்.

யாருக்கு எது

ஜி.எஸ்.டி. சாலை, கிண்டி, எழும்பூர் பக்கம் வேலையென்றால் ஊரப்பாக்கம், அதிலும் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில். விலை கூடத்தான், ஷேர் ஆட்டோ செலவும் இரவு நேரத் தலைவலியும் அதில் கழியும். கைப்பணம் குறைவு, வேலை அம்பத்தூர் பக்கம் என்றால் வேப்பம்பட்டு. மண்ணைப் பார்த்து, கடகாலை (அஸ்திவாரத்தை) கூடுதல் கவனத்தோடு போட வேண்டும். தையூர், வீட்டில் இரண்டு பேருக்குமே சிறுசேரி, நாவலூர் பக்கம் வேலை இருந்தால் மட்டும். ஒருவருக்கு நகரத்துக்குள் வேலை என்றால் வேண்டாம்.

எந்த ஊரானாலும் வாங்குமுன் அதே நகரில் அக்டோபரில் வாடகைக்குப் போய் அடுத்த ஜூன் வரை இருந்து பாருங்கள். ஒரு அடைமழையும் ஒரு கத்திரி வெயிலும் அதற்குள் வந்துவிடும். வாடகை வீட்டுக்காரரிடம் செப்டிக் டேங்கைக் கடைசியாக எப்போது எடுத்தார் என்றும் கேட்டு வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்றால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கவில்லை. பக்கத்து மனையிலும் இறங்காது.